எட்டாம் வகுப்பின் இருபதாம் பாடம்

தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் அருவிக்குச் செல்வோர் பென்னாகரத்தைக் கடந்தே செல்வர். கடந்து செல்வோரே மிகுதி. இறங்கித் தங்குவோர் குறைவு. ஊரின் பெயரை றன்னகரமிட்டுப் ‘பென்னாகரம்’ என எழுதுவது இன்றைய வழக்கு. டண்ணகரமிட்டுப் ‘பெண்ணாகரம்’ என எழுதுவோரும் உளர். எது சரி என்னும் ஆராய்ச்சியில் நாம் இறங்கப்போவதில்லை. பெண் என்னும் சொல் அவ்வூர்ப் பெயரில் இருப்பினும் இல்லாவிடினும், அங்கு நாம் கண்டதும் கேட்டதும் பெண்மக்களைப் பற்றியதாகவே அமைந்துவிட்டது.

நண்பர் ஒருவரின் இல்லத் திருமணத்திற்காகச் சென்ற நமக்கு, மழையின் பொருட்டு இரண்டு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தது. படிக்க ஒன்றுமின்றி வெறுமனே அமர்ந்திருக்க நம்மால் இயலாது. அவ்வீட்டில் எட்டாம் வகுப்புப் பயிலும் சிறுமியின் புத்தக அடுக்கில் கை வைத்தோம். கையில் வந்தது அறிவியல் நூல். தமிழக அரசின் பாடத்திட்டப்படி 2019ஆம் ஆண்டு வெளிவந்த வரிசையைச் சேர்ந்தது. பிள்ளை நன்றாகப் படிக்கிறவள் என்பது பார்த்தவுடன் விளங்கிற்று. நுண்ணுயிரிகளைப் பற்றிய பாடத்தில் வரிக்கு வரி பென்சில் கோடு. பயிர்களைப் பற்றிய பாடத்தில் ஓரமெங்கும் ‘மு.வி.’ என்னும் குறிப்பு. முக்கிய வினா என்று பொருளாம். இவ்விரண்டிற்கும் இடையே இருபதாம் பாடம். அதன் பக்கங்கள் மட்டும் அச்சகத்திலிருந்து வந்த நாளில் எப்படியிருந்தனவோ அப்படியே இருந்தன. ஒரு கோடில்லை, ஒரு மடிப்பில்லை. பாடத்தின் பெயர் ‘வளரிளம் பருவமடைதல்’.

“இதை நடத்தவில்லையா?” எனக் கேட்டோம்.

“வீட்டில் படிச்சுக்கச் சொல்லிட்டாங்க, சாச்சா” என்று கூறிவிட்டுப் பிள்ளை உள்ளே ஓடிவிட்டாள்.

எந்தப் பள்ளி, எந்த ஆசிரியர் என்னும் விவரங்கள் இங்குத் தேவையற்றவை. வாசக அன்பர்கள் தத்தம் ஊரிலுள்ள பிள்ளைகளின் புத்தகத்தை வாங்கிப் பார்த்தால் இத்தகைய தூய பக்கங்களை அங்கும் காணக்கூடும். பின்னர் அவ்வீட்டாரிடம் பேசிக்கொண்டிருந்தபோது வேறொரு செய்தியும் தெரியவந்தது. அச்சிறுமியுடன் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் அமர்ந்திருந்த அண்டை வீட்டுப் பெண் சென்ற ஆண்டு பள்ளியை விட்டு நின்றுவிட்டாள். அவளுக்குத் திருமணமாகிவிட்டது. அதைச் சொன்னவர் எவ்விதத் தயக்கமுமின்றி, மழை வந்தது, பேருந்து நின்றது என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்து வைத்துக்கொண்டே அந்த இருபதாம் பாடத்தை நாம் படித்தோம். இலக்கியத் திங்களிதழில் எட்டாம் வகுப்புப் பாடத்தை விமர்சிப்பதா என்று சிலர் புருவத்தை உயர்த்தலாம். தமிழில் மிகுதியாக அச்சாகும் உரைநடை பாடநூல் உரைநடையேயாகும். நம் கவிஞர்களின் தொகுதிகள் சில நூறு படிகள் விற்பதற்குள் ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. பாடநூலோ ஒரே ஜூன் மாதத்தில் இலட்சக்கணக்கான இல்லங்களுக்குள் நுழைகிறது. அவற்றுள் பல இல்லங்களில், ஒரு பிள்ளை தன் உடலைப் பற்றி நல்ல தமிழில் படிக்கும் முதற்பகுதியும் இறுதிப்பகுதியும் அப்பாடமாகவே இருக்கும். அத்தகைய எழுத்தை விமர்சகன் படிக்காமல் விடுவது எங்ஙனம் பொருந்தும்?

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். ‘வளரிளம் பருவம்’ என்னும் சொல்லாக்கம் அழகியது. அப்பருவத்தினரைக் குறிக்க நம்மிடையே வழங்கும் சொற்களை எண்ணிப் பாருங்கள். ஆண் பிள்ளையை ‘விடலை’ என்போம். அச்சொல்லில் பாதி ஏளனம். பெண் பிள்ளையை நம் சமுதாயத்தில் ‘குமர்’ என்போம். “வீட்டில் இரண்டு குமர் இருக்கிறது” என்று அஃறிணை முடிபு கொடுத்தே சொல்வோம். பள்ளிவாசல் வாயிலில் ‘குமர் காரியம்’ என்று கூறிப் பொருளுதவி கேட்போர் உண்டு. ஏளனமும் பாரமும் ஏறிய இச்சொற்களுக்கு நடுவே, வளர்ச்சி, இளமை என்னும் இரண்டையும் மட்டும் சுமந்து வரும் ஒரு சொல்லை ஆக்கியோர் நம் நன்றிக்குரியவர். பாடம் கூறும் செய்திகளும் பிழையற்றவை. உடலில் நேரும் மாற்றங்கள், அவற்றை நிகழ்த்தும் சுரப்பிகள், மாதவிடாய்ச் சுழற்சி, உண்ண வேண்டிய உணவு, பேண வேண்டிய தூய்மை ஆகியவை முறைப்படி வருகின்றன. கேழ்வரகும் நிலக்கடலையும் விளையும் ஊரில் இரும்புச்சத்தின்மையால் பெண்பிள்ளைகள் வெளுத்துத் திரிவதைக் கண்டவர்கள், உணவு பற்றிய அப்பகுதியை வெறும் சடங்கு என்று ஒதுக்கமாட்டார்கள்.

ஆயினும் பாடத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒரு வெறுமை தோன்றிற்று. அதன் காரணத்தைத் தேடி வாக்கியங்களின் எழுவாய்களை எண்ணத் தொடங்கினோம். சுரப்பி சுரக்கிறது. குரல்வளை பெரிதாகிறது. முட்டை விடுபடுகிறது. எல்லா வினைகளையும் உறுப்புகளே செய்கின்றன. உறுப்புகளை உடையவர் எங்கும் காணப்படவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளையை நோக்கி, ‘உனக்கு இது நேரும்போது அச்சமாக இருக்கலாம்’ என்று கூற ஒரு குரல் நாம் படித்த பக்கங்களில் எழவில்லை. கருவுறுதலைப் பற்றிய இடத்திலும் ஓர் அணுவும் ஒரு முட்டையும் சந்திக்கின்றனவேயன்றி, இரண்டு மனிதர் சந்திக்கவில்லை. அவ்விருவருள் ஒருவருக்கு விருப்பமில்லாவிட்டால் என்ன, ஒருவர் பிள்ளையாகவும் மற்றவர் பெரியவராகவும் இருந்தால் என்ன என்னும் வினாக்கள், மனிதரே இல்லாத வாக்கியத்தில் எழ வழியேயில்லை. உடலின் வரைபடம் உண்டு. உறவின் இலக்கணம் இல்லை.

இனி, அறிவை அடுக்கியிருக்கும் வரிசையை நோக்குவோம். பத்தாம் வகுப்பில் தாவரங்களோடும் விலங்குகளோடும் சேர்த்து மனித இனப்பெருக்கம் சொல்லப்படுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் இனப்பெருக்க நலனுக்கென்றே தனிப்பாடம் உண்டு. கருத்தடை முறைகளும் பால்வினை நோய்களும் அங்கு விரிவாகவே விளக்கம் பெறுகின்றன. நல்லது. ஆனால் அப்பாடத்தை அடைவோர் யார்? பன்னிரண்டாம் வகுப்பு வரை வந்து, அதிலும் உயிரியல் பிரிவை எடுத்தவர்கள் மட்டுமே. வணிகவியல் எடுத்த பிள்ளைக்கும் தொழிற்பிரிவு எடுத்த பிள்ளைக்கும் அது கிட்டாது. பெஞ்சை விட்டு எழுந்து போன அந்த அண்டை வீட்டுப் பெண்ணுக்கோ, அது தேவைப்படும் நாள் முன்னே வந்துவிட்டது. பாடம் நான்காண்டுகள் பின்னே இருக்கிறது.

ஆண் பிள்ளைகளின் நிலை இதனினும் பரிதாபமானது. பெண் பூப்பெய்தினால் ஊர் அறியப் பந்தலிட்டு மஞ்சள் நீராட்டு நடத்துவார்கள். இந்நாளில் பதாகையும் வைக்கிறார்கள். அது முறையா என்பது வேறு வினா. அவளுக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது என்பதையாவது ஊர் ஒப்புக்கொள்கிறது. பையனுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. நம் வீடுகளில் அவனுக்கு நடக்கும் சுன்னத்து வைபவமும் விவரமறியாச் சிறுவயதில் முடிந்துவிடுகிறது. தூக்கத்தில் விந்து வெளிப்பட்ட ஒரு காலையில் அவன் தனக்குப் பெருநோய் கண்டுவிட்டதாக அஞ்சுகிறான். அவ்வச்சத்தைத் தீர்க்கத் தமிழ்நாட்டில் யார் முன்வந்தார்கள்? “வாலிப வயோதிக அன்பர்களே” என விளித்துப் பேருந்து நிலையச் சுவர்களில் விளம்பரம் ஒட்டி, விடுதி அறைகளில் மாதமொருமுறை முகாமிட்டு, இயல்பானதை நோயென்று கூறிப் பணம் பறித்தவர்களே முன்வந்தார்கள். தலைமுறை தலைமுறையாகத் தமிழ் ஆண்மக்களின் பாலியல் ஆசான் அந்தச் சுவரொட்டியே என்று கூறின் மிகையாகாது. மனநல மருத்துவர் மாத்ருபூதம் விஜய் தொலைக்காட்சியில் ‘புதிரா புனிதமா’ என்னும் நிகழ்ச்சியை நடத்தியபோது, பெரியவர்கள் முகம் சுளித்துக்கொண்டே கண்கொட்டாமல் பார்த்தார்கள். அவரிடம் வந்து குவிந்த ஐயங்கள் பலவும் பள்ளியிலேயே தீர்ந்திருக்க வேண்டியவை. இன்றோ சுவரொட்டியின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. சுவரொட்டி பொய் சொன்னதோடு நின்றது. கைப்பேசியில் வருவனவோ வன்முறையைப் பார்த்துப் பழகச் செய்கின்றன.

ஊரைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தமிழகத்திலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தருமபுரி. பெண் சிசுக்கொலைக்காகப் பெயர் கெட்ட பகுதியும் இதுவே. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னர் இங்கும் விரிவாக்கப்பட்டது. வானம் பார்த்த நிலம். வேலை தேடிப் பெங்களூருவின் கட்டடப் பணிகளுக்கும் திருப்பூரின் பனியன் ஆலைகளுக்கும் பெற்றோர் சென்றுவிடுகின்றனர். பிள்ளை பாட்டியிடம் வளர்கிறாள். அவள் பூப்பெய்திய நாள்முதல் பாட்டிக்கு உறக்கமில்லை. ‘ஏதாவது ஆகிவிட்டால்?’ என்னும் வினாவுக்கு அவள் அறிந்த ஒரே விடை திருமணம். 2019-21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 20 முதல் 24 வயது வரையுள்ள பெண்களுள் பதினெட்டு நிறையுமுன் மணம் முடிக்கப்பட்டோர் இந்திய அளவில் நூற்றுக்கு 23.3, தமிழகத்தில் 12.8. மாநிலத்தின் எண் ஆறுதலளிப்பதாகத் தோன்றலாம். ஆனால் குழந்தைத் திருமணம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் தருமபுரியின் பெயர் அடிபடாமல் இருப்பதில்லை. அந்தப் பாட்டியைக் கொடியவள் என்று நாம் கருதவில்லை. அவள் அச்சத்திற்குக் காரணமுண்டு. அச்சத்திற்கு மாற்றாக அவளுக்கோ பேத்திக்கோ யாரும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை என்பதே நம் வழக்கு.

கற்றுக்கொடுக்காததைச் சட்டம் வந்து தண்டிக்கிறது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் ஒருபுறம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012இல் வந்த போக்சோ சட்டம் மறுபுறம். பின்னதன்படி பதினெட்டு நிறையாத எவருடைய இசைவும் இசைவாகக் கொள்ளப்படுவதில்லை. பிள்ளைகளைச் சூறையாடும் பெரியவர்களைப் பிடிக்க இது மிகவும் தேவையான சட்டம். இதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பதினேழு வயதுப் பெண்ணும் அவளைவிட ஓரிரு ஆண்டு மூத்த பையனும் ஒருவரையொருவர் விரும்பி ஊரைவிட்டுப் போனாலும் இதே சட்டமே பாய்கிறது. 2021ஆம் ஆண்டு சனவரியில் இத்தகைய வழக்கொன்றை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், வளரிளம் பருவக் காதலைக் குற்றமாக்குவது அச்சட்டத்தின் நோக்கமன்று எனக் கூறி வழக்கை இரத்துச் செய்தார். எல்லா வழக்குகளும் உயர் நீதிமன்றம் வரை செல்வதில்லை. இப்படியொரு சட்டம் இருப்பதையே பல பையன்கள் காவல் நிலையத்தில்தான் அறிகிறார்கள். பாடநூலில் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தால் அங்கு அறிந்திருப்பார்கள்.

பாடம் ஏன் இவ்வளவு கூச்சப்படுகிறது? இதற்கொரு வரலாறு உண்டு. 2005ஆம் ஆண்டு நடுவண் அரசு, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தோடு இணைந்து வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டு வந்தது. 2007இல் மகாராட்டிரம், கருநாடகம், மத்தியப் பிரதேசம், குசராத்து, கேரளம் முதலிய மாநிலங்கள் அதை ஏற்க மறுத்தன அல்லது நிறுத்திவைத்தன. அதில் வெவ்வேறு கொள்கையுடைய கட்சிகள் யாவும் ஒன்றுபட்டது வியப்பே. பின்னர் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு 2009இல் அளித்த அறிக்கையில், பள்ளிகளில் பாலியல் கல்வி வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. அதன்பின் அத்துறையினர் சொல்லை மாற்றிக்கொண்டே சென்றனர். பாலியல் கல்வி வளரிளம் பருவக் கல்வியாயிற்று. அது வாழ்க்கைத் திறன் கல்வியாயிற்று. ஒவ்வொரு பெயர் மாற்றத்திலும் உள்ளீடு சிறிது கழன்று விழுந்தது. எதிர்த்தோர் யாவரும் மூடர்கள் என்று நாம் கூறமாட்டோம். எதை எந்த வயதில் எப்படிக் கற்பிப்பது என்று பெற்றோரோடு கலந்து பேசாமல் மேலிருந்து ஒரு கையேட்டை இறக்கினால், வீட்டிலுள்ளோர் வெகுளவே செய்வர். ஆனால் ஆதரித்தோர் சொல்லை மாற்றியதும், எதிர்த்தோர் கதவை அடைத்ததும் ஒரே முடிவில்தான் வந்து நின்றன: அந்தக் கோடு விழாத பக்கங்கள். சென்னையில் தொடங்கிய ஒரு வழக்கில் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தபோது, முழுமையான பாலியல் கல்வியைப் பற்றிச் சிந்திக்குமாறு உச்ச நீதிமன்றம் அரசுக்கு யோசனை கூறியது. அது, பிள்ளைகளை ஆபாசமாகக் காட்டும் படங்களைக் கைப்பேசியில் வைத்திருந்தது பற்றிய வழக்கு. நாட்டின் தலைமை நீதிமன்றம் இதைச் சொல்ல அப்படியொரு வழக்கு வேண்டியிருந்தது!

இவ்விடத்தில் நம் சமுதாய அன்பர்கள் சிலர் பெருமிதத்தோடு ஒன்று கூறுவார்கள்: “இவையெல்லாம் நம் மார்க்கத்தில் என்றோ சொல்லப்பட்டுவிட்டன.” இப்பெருமிதத்தில் உண்மையும் உண்டு, ஏமாற்றும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

உண்மை இது. உம்மு சுலைம் (ரலி) அவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, உண்மையைக் கூற இறைவன் நாணுவதில்லை என்னும் முன்னுரையோடு, கனவில் பெண்ணுக்கும் அந்நிலை ஏற்பட்டால் குளிப்புக் கடமையாகுமா என வினவினார்கள். அருகிலிருந்த உம்மு ஸலமா (ரலி) அவர்கள் நாணத்தால் முகத்தை மூடிக்கொண்டார்கள். நபியவர்களோ சினக்கவில்லை, பேச்சை மாற்றவுமில்லை, நேரடியாக விடையளித்தார்கள். இதைப் பதிவு செய்த இமாம் புகாரி அவர்கள் குளிப்பைப் பற்றிய பகுதியில் மட்டும் இதை வைத்து நிறுத்தவில்லை. கல்வியைப் பற்றிய பகுதியிலும் வைத்து, கல்வி கற்பதில் நாணம் என்று தலைப்பிட்டார்கள். மார்க்கத்தை அறிவதற்கு நாணம் அன்சாரிப் பெண்களைத் தடுக்கவில்லை என ஆயிஷா நாயகி (ரலி) பாராட்டியதும் அங்கேயே இடம்பெறுகிறது. ஒரு தொகுப்பாசிரியர் ஒரு செய்தியை எங்கு வைக்கிறார் என்பதே ஒரு விமர்சனம் அல்லவா?

அம்மரபு தமிழுக்கும் வந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரபுத்தமிழில் இயற்றிய ‘ஃபத்ஹுத் தய்யான்’ போன்ற நூல்களைக் கொண்டு கடற்கரை ஊர்ப் பெண்கள் மார்க்கச் சட்டம் ஓதினார்கள். தருமபுரிப் பகுதியில் உருது பேசும் குடும்பங்களுக்கு, மௌலானா அஷ்ரப் அலி தானவி அவர்களின் ‘பஹிஷ்தீ ஜேவர்’ புதுமணப் பெண்ணின் சீர்வரிசையோடு வந்தது. ஹைளு, நிஃபாஸ், இஹ்திலாம், ஜனாபத்து என இச்சட்டநூல் மரபு எதையும் மூடி மறைக்கவில்லை. கனவில் நிகழ்வது நோயன்று, பாவமுமன்று, குளித்தால் போதும் என்பதை ஓதும் பள்ளிச் சிறுவன் ஒரு வரியில் அறிந்தான். விடுதி வைத்தியரின் வலையில் அவன் விழ வேண்டிய தேவையில்லை. தானவி அவர்களின் நூல், கூச்சத்திற்குரிய சட்டங்களை ஆண் ஆசிரியர் தாமே நடத்தாமல் தம் மனைவியைக் கொண்டு விளக்க வேண்டும் என்று வழியும் கூறியது. கூச்சம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு, ஆயினும் பாடம் நின்றுவிடலாகாது என ஏற்பாடு செய்யும் அந்த அக்கறையை நம் பாடநூற் குழுவினர் கடன் வாங்கலாம்.

ஏமாற்று இது. அந்நூல்கள் இன்று அலமாரியில் இருக்கின்றன. மக்தபில் அந்தப் பக்கங்கள் வரும்போது, “பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள், தள்ளிப் படியுங்கள்” என்று ஹஸ்ரத்தும் சொல்லிவிடுகிறார். அரசுப் பள்ளியில் ‘வீட்டில் படித்துக்கொள்’. மக்தபில் ‘தள்ளிப் படி’. வீட்டில் ‘உனக்கெதற்கு இந்தப் பேச்சு?’ ஆக, மூன்றிடத்திலும் ஒரே விடை. இதில் நம் வீட்டுக்கும் அண்டை வீட்டுக்கும் வேற்றுமை ஒன்றுமில்லை. துவரங்குறிச்சியில், பூப்பெய்தியதும் பள்ளிப்படிப்பு நிறுத்தப்பட்ட ஒரு பெண் பின்னாளில் சல்மாவாகி எழுதிய ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இல் வெளிவந்தபோது நம்முள் பலர் கொதித்தெழுந்தனர். அந்நாவலைப் பற்றிய இலக்கியக் குறைகள் நமக்கும் உண்டு; பாத்திரங்கள் மிகுந்து கதை பல இடங்களில் தளர்கிறது. ஆனால் ராபியா என்னும் சிறுமி, பெரியவர்களின் பாதிப் பேச்சுகளையும் அவள் வந்ததும் சட்டென்று நின்றுபோகும் பேச்சுகளையும் பொறுக்கி, அவற்றைக் கொண்டு தனக்கொரு உலகத்தைக் கட்டிக்கொள்ளும் பகுதிகள் பொய்யென்று யார் கூறுவர்? பாடநூல் உடலைப் பேசி மனிதரை விட்டது. சட்டநூல் கடமையைப் பேசி அச்சத்தை விட்டது. இரண்டும் விட்டதை அந்த நாவல் எழுதிற்று. அதனாலேயே அது நம்மை உறுத்தியது.

நம் சட்ட மரபில், இப்பாடத்தின் குறையைச் சரியாகச் சுட்ட உதவும் இரு சொற்கள் உள்ளன. ஒன்று புலூக், மற்றொன்று ருஷ்து. முன்னது உடல் பருவமெய்துதல். பின்னது நல்லது கெட்டது அறிந்து முடிவெடுக்கும் பக்குவம். அநாதைகளின் பொருளை எப்போது அவர்கள் கையில் ஒப்படைப்பது என்பதைக் கூறுமிடத்தில் (4:6) திருக்குர்ஆன் இவ்விரண்டையும் வேறுபடுத்துகிறது. மணப்பருவத்தை அடைவது மட்டும் போதாது. அவர்களிடம் ருஷ்து இருப்பதைச் சோதித்துக் கண்ட பின்னரே பொருளைக் கொடுக்க வேண்டும். சில பவுன் நகையை ஒப்படைக்கவே பக்குவத்தைச் சோதிக்கச் சொல்லும் மார்க்கத்தில், ஒரு பிள்ளையின் முழு வாழ்வையும் இன்னொரு குடும்பத்தில் ஒப்படைக்க உடல் பருவம் ஒன்றே போதும் என நம்முள் சிலர் இன்றும் வாதாடுகின்றனர். நீதிமன்றம் வரை சென்றும் வாதாடுகின்றனர். இவ்வாதத்தை நாம் ஏற்கவில்லை. தந்தை தம் இசைவின்றி மணமுடித்து வைத்தார் என்று கன்ஸா பின்த் கிதாம் (ரலி) முறையிட்டபோது, அத்திருமணத்தை நபியவர்கள் செல்லாததாக்கினார்கள். அவர் முன்பே மணமாகியிருந்தவர்; கன்னிப்பெண்ணின் செய்தி வேறு என்று சட்டம் பேசுவோர் கூறலாம். ஷாஃபிஈ நூல்கள் தந்தைக்கு அதிக உரிமை கொடுத்ததும், பருவமெய்திய பெண்ணைக் கட்டாயப்படுத்தலாகாது என ஹனஃபீ நூல்கள் கூறியதும் நாமறிந்ததே. தருமபுரி வட்டாரத்தில் பெரிதும் பின்பற்றப்படுவது ஹனஃபீ வழி என்பதை மட்டும் இங்கு நினைவூட்டுவோம்.

இருபதாம் பாடம் புலூக்கை மட்டும் கற்பிக்கிறது. ருஷ்துக்கு அதில் ஒரு பத்தியும் இல்லை. இதுவே நம் விமர்சனத்தின் சாரம். பாலியல் கல்வி என்றவுடன் அஞ்சுவோர், புலூக்கைப் பற்றி இன்னும் விரிவாகக் கூறப்போகிறார்கள் என எண்ணியே அஞ்சுகின்றனர். அது ஏற்கெனவே பாடத்தில் வந்துவிட்டது, படத்தோடு வந்துவிட்டது. வராதது மற்றொன்று. வேண்டாதவர் தொடும்போது வேண்டாம் எனக் கூறவும், பிறர் வேண்டாம் எனக் கூறும்போது நிறுத்தவும் கற்பது. விருப்பத்திற்கும் வற்புறுத்தலுக்கும் உள்ள வேற்றுமை. தொட்டவர் சொந்த மாமனாகவே இருப்பினும் யாரிடம் சொல்வது என்னும் தெளிவு. 1098 என்னும் எண் பள்ளிச் சுவரில் எழுதப்பட்டிருக்கலாம். எதற்காக அதை அழைக்க வேண்டும் என்று விளக்கப் பாடத்தில் சொல்லில்லையேல், அது சுவருக்கு அலங்காரம். திருமணம் வேண்டாம், படிக்க வேண்டும் என்று ஒரு பெண் வாய்திறந்து கூறுவதும் இக்கல்வியின் பகுதியே. முன்பு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் திருமணத்திற்குத் தங்கம் கொடுத்த அரசு, 2022 முதல் அதே பெயரால் அரசுப் பள்ளியில் படித்த பெண்களின் மேற்படிப்புக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்து வருகிறது. நல்ல மாற்றம். ஆனால் அப்பணம் கல்லூரி வாசலில் காத்திருக்கிறது. எட்டாம் வகுப்பிலிருந்து அந்த வாசல் வரை பிள்ளையை அழைத்துவரும் சொல் இன்னும் எழுதப்படவில்லை.

எப்படி எழுதுவது என்போருக்கு ஒரு முன்மாதிரியைக் காட்டுவோம். ஓர் இளைஞர் நபியவர்களிடம் வந்து, விபசாரம் புரியத் தமக்கு அனுமதி வேண்டும் எனக் கேட்ட செய்தி முஸ்னத் அஹ்மதில் உள்ளது. சூழ்ந்திருந்தோர் அவரை அதட்டினர். நபியவர்கள் அவரை அருகில் அழைத்து அமர்த்தினார்கள். உம் தாய்க்கு இதை விரும்புவீரா, மகளுக்கு, சகோதரிக்கு, அத்தைக்கு, சிற்றன்னைக்கு விரும்புவீரா என ஒவ்வொருவராகக் கேட்டார்கள். நீர் நாடும் பெண்ணும் யாரோ ஒருவரின் மகள் என்பதை அவர் வாயாலேயே உணரச் செய்தார்கள். பின்னர் அவர்மீது கை வைத்து அவருக்காக இறைஞ்சினார்கள். அருகில் அழைத்தல், கேள்வி கேட்டல், மறுதரப்பை மனிதராகக் காணச் செய்தல்: உறவுக் கல்வியின் பாடமுறை முழுவதும் இதிலுள்ளது. இன்றைய ஆசிரியர் இன்னும் ஓரடி சென்று, யாருடைய மகளாக இல்லாவிடினும் அவள் தன்னளவிலேயே மனுஷி என்றும் கூறலாம், கூற வேண்டும். அதட்டுவோர் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

மழை விட்ட மாலையில் புறப்பட ஆயத்தமானோம். நூலை அடுக்கில் வைக்கச் சென்றபோது, ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அப்பிள்ளையின் தாயார் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, “ரெண்டு நாளா அதையே வெச்சுப் பார்த்துக்கிட்டிருந்தீங்களே பாய், என்ன பாடம் அது?” எனக் கேட்டார். சொன்னோம். சற்று நேரம் அவர் பேசவில்லை. பின்னர் மகளை அழைத்து, “அதை எடுத்துட்டு உள்ளே வா, எனக்குப் படிச்சுக் காட்டு” என்றார்.

நாம் செருப்பை மாட்டிக்கொண்டு திண்ணைக்கு வந்துவிட்டோம். பேருந்துக்கு இன்னும் நேரமிருந்தது. உள்ளே பிள்ளையின் குரல் கேட்டது. ‘பிட்யூட்டரி’ என்னும் சொல்லில் அது தடுக்கி நின்றது, மறுபடி தொடங்கிற்று. ஓரிடத்தில் தாயார் குறுக்கிட்டு ஏதோ கேட்டார், பிள்ளை சிரித்தாள்.

பேருந்து வரும் வரை படிப்பு நிற்கவில்லை.